கன்ட்ரி ராக் கேசட்டுக்கு ஒரு பொன்னாடை

1

இந்த மாதத்தோடு நான் பினாங்குக்கு வந்து இருபத்திரண்டு வருடம் நிறைகிறது. கொண்டாடலாமா என்று மனைவியைக் கேட்டேன். "எதைக் கொண்டாடணும்? வந்ததையா, ரெண்டே வருஷத்துல திரும்பிடலாம்னு சொல்லி என்னைக் கூட்டிட்டு வந்ததையா?" என்றாள் மங்கை. கொண்டாட்டம் அத்துடன் முடிந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது என் டிரங்குப் பெட்டியில் நாலு சட்டையும் மிச்ச இடமெல்லாம் புத்தகமும் இருந்தன. ஜார்ஜ்டவுனில் ஒரு ஜவுளி இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. வேலை அப்படியே இருக்கிறது. புத்தகங்களைக் கரையான் பாதியும் நண்பர்கள் பாதியுமாக எடுத்துக்கொண்டார்கள். சட்டைகள் பத்திரமாக இருக்கின்றன. நான்தான் அவற்றுக்குள் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர், அடையாள அட்டை இரண்டு நிறம். எனக்கும் மங்கைக்கும் சிவப்பு. அதாவது குடியிருக்கலாம், ஓட்டுப் போட முடியாது. இங்கேயே பிறந்த மகள் கல்யாணிக்கு நீலம். வீட்டில் வாக்குவாதம் முற்றினால், "நான் சிட்டிசன் லா" என்று இந்த ஊர் 'லா'வையும் ஒட்டிச் சொல்லி முடித்துவிடுவாள். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இந்தக் கல்யாணி வயலின் கேசட் வெளியிட்டிருக்கிறாள் என்ற செய்தி எப்படியோ கும்பகோணம் வரை போய்விட்டது. நண்பர்கள் வரிசையாக விசாரிக்கிறார்கள். மெயின் தோடியா, காம்போதியா? மிருதங்கம் யார்? தனித்தனியாகப் பதில் எழுதத் தெம்பில்லாததால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். தோடியும் இல்லை, காம்போதியும் இல்லை. மிருதங்கம் இருக்க வேண்டிய இடத்தில் யூசோப் என்பவர் ஐந்தாறு டிரம்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். குழுவின் பெயர் 'ரோப் வாக் ரைடர்ஸ்'. கேசட்டின் பெயர் 'டூ ஜெட்டீஸ்', அதாவது இரண்டு படகுத்துறைகள். இசையின் பெயர் கன்ட்ரி ராக்.

2

கன்ட்ரி ராக் என்றால் என்ன என்று நானும் ஆரம்பத்தில் கேட்டேன். அமெரிக்கக் கிராமத்துப் பாட்டைப் பிடித்து, அதன் முதுகில் மின்சார கிட்டாரையும் டிரம்மையும் ஏற்றி, அது நடந்தால் கன்ட்ரி ராக். பாடுகிறவனுக்கு மனைவி போயிருப்பாள், வேலை போயிருக்கும், லாரி பழுதாகியிருக்கும். தாளம் மட்டும் தப்பாது. துக்கத்திலும் இவ்வளவு கட்டுப்பாடாக இருப்பவர்களை நான் நம் சங்கீத மேடைகளில்கூட அதிகம் பார்த்ததில்லை.

இது பினாங்குக்கு எப்படி வந்தது என்றால், எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஆஸ்திரேலிய விமானப்படைக் குடும்பங்கள் மூலம் வந்தது. அவர்கள் ஊர் திரும்பும்போது கழித்துக் கட்டும் இசைத்தட்டுகள் ரோப் வாக் தெருவின் பழைய சாமான் கடைகளில், துருப்பிடித்த மின்விசிறிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் பக்கத்தில் விலைக்கு வரும். அங்கே பொறுக்கிக் கேட்டு வளர்ந்தவர்தான் கியோங். கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் கல்யாணியுடன் படிக்கிறார். கிட்டார் வாசிப்பார், பாட்டு எழுதுவார், பாடுவார். குதிரையைப் பந்தய மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் அவர் பாட்டைக் கேட்டால் சேணத்திலேயே பிறந்தவர் போலிருக்கும்.

கன்ட்ரி இசைக்கு உயிர் ஒரு விசேஷ கிட்டார் என்கிறார்கள். படுக்கவைத்து வாசிப்பது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அழுதுகொண்டே நகரும். அது இந்தத் தீவில் கிடைக்காது. வரவழைக்க வழியும் இல்லை. இந்தக் கவலையில் இருந்த கியோங், கல்லூரிக் கலைவிழா ஒன்றில் கல்யாணி தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கால்மேல் சாய்த்து வாசிப்பதைப் பார்த்திருக்கிறார். அவள் ஒரு ஜாரு இழுத்தாளாம். ஒரே விரல், கீழிருந்து மேலே, சுரங்களை வழியில் தொட்டுக்கொண்டே. கியோங் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய், "யூ ஹேவ் காட் இட் இன்சைட் தட் திங்!" என்று கத்தினாராம்.

எனக்கு விஷயம் தெரிந்தபோது மூன்று மாதம் ஒத்திகையே நடந்து முடிந்திருந்தது. என் மகளிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், இங்கிலீஷில் கேட்டால் மலாயில் வரும், மலாயில் கேட்டால் கதவு சாத்தும் சத்தம் வரும். அன்று நான் மூன்றிலும் கேட்டேன்.

"அரங்கேற்றத்துக்கு நாள் பார்த்துட்டிருக்கேன். நீ குதிரைப் பாட்டுக்கு வாசிக்கிறியா?"

"குதிரை ஒரு பாட்டுலதான் வருது லா. மத்ததெல்லாம் ஃபெர்ரி, லாரி, மழை. கேட்டாத்தானே தெரியும்."

"போடு, கேட்கிறேன்."

"மாட்டேன். நீங்க கேட்க மாட்டீங்க. தப்பு கண்டுபிடிப்பீங்க."

பெற்ற மகள். என்னைச் சரியாகவே படித்து வைத்திருந்தாள்.

3

பர்மா ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடி. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஸ்டூடியோ. அங்கே அவர்கள் பத்துப் பாட்டுப் பதிவு செய்து, கோலாலம்பூரில் ஒரு கேசட் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். தமிழர்தான். ஒப்பந்தத்தை வாசிக்க ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று கியோங் என்னைக் கூப்பிட்டார். "அங்கிள் அக்கவுண்டன்ட். அங்கிள் ரீட், வீ சைன்." மகளின் முறைப்பைப் பொருட்படுத்தாமல் போனேன். வாசிக்க எது கிடைத்தாலும் போகிறவன் நான்.

காப்பிக் கடையில் மேஜைமேல் சின்ன டேப் ரிக்கார்டரை வைத்து, கம்பெனிக்காரர் ஒரு பாட்டை ஓடவிட்டார். கியோங்கின் குரல், ஒரு ஆள் கடைசி ஃபெர்ரியைத் தவறவிட்டுப் படகுத்துறையில் நிற்பதைப் பாடியது. குரல் நின்ற இடத்தில் வயலின் எழுந்தது.

நான் தப்புக் கண்டுபிடிக்கத்தான் காதைத் தீட்டினேன். சுருதி சுத்தம். சரி, வேறு எங்காவது இருக்கும் என்று காத்திருந்தேன். அந்த வயலின் ஒரு சுரத்தை விட மனமில்லாமல் விட்டு, அடுத்ததன் வாசல் வரை போய், தயங்கி, உள்ளே போனது. படகு கரையை விட்டு விலகும்போது நடுவில் தண்ணீர் அகலுமே, அதைக் கேட்பது போலிருந்தது. நாகப்பட்டினத்தில் அதை நான் பார்த்திருக்கிறேன். என் மகள் பார்த்ததில்லை. எங்கிருந்து எடுத்தாள்?

டக்கென்று பாட்டை நிறுத்தினார் கம்பெனிக்காரர்.

"இங்கதான் அண்ணே பிரச்சினை. பாட்டு நல்லாருக்கு. வயலின் வழுக்குது. கன்ட்ரின்னா நேரா, வெட்டி வெட்டி வாசிக்கணும். இது கோயில்ல வாசிக்கிற மாதிரி இருக்கு லா. கோலாலம்பூர்ல ஓட்டல்ல வாசிக்கிற ஆளு ஒருத்தர் இருக்காரு. ஒரே நாள்ல மாத்தி வாசிச்சுக் கொடுத்துடுவாரு. அப்புறம், தரையில உட்கார்ந்த பொண்ண அட்டையில எப்படிப் போடறது? ஜனங்க பஜனை கேசட்னு நினைச்சுக்குவாங்க."

கல்யாணி தன் தேநீரை, அதில் ஏதோ எழுதியிருப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "என்னோடதை எடுத்துடுங்க. பரவால்ல. ஆல்பம் வந்தா போதும்" என்றாள்.

"தென் நோ ஆல்பம்" என்றார் கியோங். யூசோப் தலையாட்டினார். பேஸ் கிட்டார் வாசிக்கும் நான்காமவர் நான் பார்த்தவரையில் எதற்கும் வாய் திறந்ததில்லை. அன்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார்.

நான் ஒப்பந்தத்தை மடித்துக் கம்பெனிக்காரர் பக்கம் நகர்த்தினேன்.

"தம்பி, அது அப்படி வழுக்கணும்னுதான் நான் பதிமூணு வருஷமா டீச்சருக்கு ஃபீஸ் கட்டினேன். அதை எடுக்கிறதா இருந்தா உங்க கம்பெனி வேண்டாம். நாங்களே வெளியிட்டுக்கிறோம்."

வெளியே வந்ததும் கல்யாணி கேட்டாள்: "யாரு இந்த 'நாங்க'?"

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை. கேசட் அடிப்பதற்குக் கியோங் தன் மோட்டார் சைக்கிளை விற்றார். நான் மங்கையிடம் பேசினேன். இரண்டில் எது தியாகம் என்பதைத் திருமணமான வாசகர்கள் அறிவார்கள்.

4

கேசட் வந்தது. அட்டையில் கல்யாணி தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் வெளியீடு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெளியீடு, நூல் வெளியீடு. எதிர்க்கரையில் இருக்கும் பாகான் டாலாம் வாசகர் சங்கத்தின் செயலாளராக நான் நடத்தியவை ஏராளம். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, தலைமையுரை, ஆய்வுரை, முதல் பிரதி பெறுதல், பொன்னாடை, கடைசியில் வந்தவர்களுக்குக் கேசரி. வேறு மாதிரி நடத்த எனக்குத் தெரியாது. அப்படியே நடத்துவதென்று முடிவு செய்தேன்.

கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை மூன்று பிரதி எழுதி எடுத்துப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த சார்ஜன் நிதானமாக வாசித்தார்.

"புக்கு மானா, பாக்சிக்?" என்றார். புத்தகம் எங்கே, பெரியவரே?

அப்போதுதான் பார்த்தேன். நிகழ்ச்சியின் தன்மை என்ற இடத்தில், பழகிய கை, வருடக்கணக்காக எழுதி வந்ததையே எழுதியிருந்தது: பெலாஞ்சாரான் புக்கு. நூல் வெளியீடு. மூன்று பிரதியிலும்.

பையில் இருந்த கேசட்டை எடுத்து வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்து, இது கேசட் ஆயிற்றே என்றார். என் மலாய் காய்கறி வாங்கப் போதுமான மலாய். அதை வைத்துக்கொண்டு கன்ட்ரி ராக்கை விளக்கினேன். கிராமத்துப் பாட்டு, ஆனால் கிராமம் அமெரிக்காவில் இருக்கிறது. பாடுகிறவர் சீனர். டிரம் மலாய்க்காரர். வயலின் என் மகள். வந்து கேட்கப் போகிறவர்கள் தமிழர்கள். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சார்ஜன் கேசட்டுக்குள் மடித்து வைத்திருந்த பாடல் தாளை விரித்தார். ஃபெர்ரிப் பாட்டை உதடு அசையப் படித்தார். மனைவி போன இடம் வந்ததும், "காசியான்" என்று அனுதாபப்பட்டார். புதிய தாள் மூன்று கொடுத்து, மறுபடி எழுதச் சொன்னார். கலாச்சாரமா கேளிக்கையா என்ற கட்டத்துக்கு வந்தபோது நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு விரலால் 'கலாச்சாரம்' என்ற இடத்தைத் தட்டினார்.

5

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரம்களை ஃபெர்ரியில் ஏற்றி அக்கரை கொண்டுபோனோம். தெற்கே கடலுக்குள் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்துவிட்டால் டிரம்மைத் தூக்கும் வேலை மிச்சமாகும் என்றார் யூசோப்.

முதல் பிரதி பெற மாவு மில் முதலாளி ஒருவரை அழைத்திருந்தேன். சங்கத்தின் எந்த வெளியீட்டிலும் முதல் பிரதி அவருக்குத்தான். "வயலின் கேசட்டுங்களா? அம்மன் பாட்டா இருந்தா நம்ம மில்லுலயும் போடலாம்" என்று போனில் சொன்னார். "வயலின் நிறைய இருக்குங்க ஐயா" என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

மண்டபம் முக்கால் நிறைந்திருந்தது. விளக்கேற்றி, வாழ்த்துப் பாடி, எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினோம். முதலாளி பெண்குழந்தைகள் பக்தி நெறியில் வளர்வதன் அவசியம் பற்றி உணர்ச்சியோடு பேசி, உறையைக் கொடுத்து, முதல் கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாணி என் காதருகில், "அப்பா, இவருக்கு என்னன்னு தெரியுமா?" என்றாள். "இன்னும் ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்" என்றேன்.

யூசோப் டிரம்மை அடித்தார். முதல் வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் பின்னுக்குச் சாய்ந்தது. பொன்னாடையை எடுக்கலாமா, எடுத்தால் அவமரியாதையா என்று தெரியாமல் யூசோப் அதைப் போர்த்திக்கொண்டே வாசித்தார். சரிகைக் கரை ஒவ்வோர் அடிக்கும் பறந்தது. முதலாளி எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். ஆனால் அவர் தோளிலும் பொன்னாடை இருந்தது. பொன்னாடையோடு பாதியில் மேடையை விட்டு இறங்கும் தைரியம் நம் ஆட்களில் யாருக்கும் கிடையாது. உட்கார்ந்திருந்தார்.

மேடை நடுவில் ஜமுக்காளத்தில் கல்யாணி. மூன்றாவது பாட்டில் கியோங் ஒதுங்கி நின்று அவளுக்கு இடம் விட்டார். அவள் கண்ணை மூடி, விரலைக் கீழே வைத்து, மேலே இழுத்தாள். மண்டபத்தில் குழந்தைகள்கூட ஓடுவதை நிறுத்தின. முதலாளியின் வலது கை தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தது. அவருக்குத் தெரிந்து போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மங்கை மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் பக்கத்துப் பெண்ணிடம், "சுருதி சேர்ந்துதான் இருக்கு" என்றாள். என் மனைவியிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வாங்கியவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

அடுத்து ஆய்வுரை. கன்ட்ரி ராக்கை ஆய ஆள் கிடைக்காததால் நானே நின்றேன். ஆனால் ஆயவில்லை. சங்கத்தின் பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தேன். ஒலிபெருக்கியில் ஒருவர் பெயரை வாசித்தால் அவர் மேடையேறிப் பிரதி வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றாக வேண்டும். கதவருகே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பெயரை முதலில் வாசித்தேன்.

"செயலாளர் அண்ணே, எங்க வீட்டுல டேப் ரிக்கார்டரே இல்ல லா!" என்று ஒருவர் கீழிருந்து முறையிட்டார்.

"வாங்கும்போது கேசட் தயாரா இருக்கும்" என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போனேன்.

6

அப்படியும் பாதிப் பெட்டிகள் எங்கள் வீட்டுக்கே திரும்பின. கடைகளில் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். கம்பெனி முத்திரை இல்லாத கேசட்டைக் கடைக்காரர்கள் கையில் வாங்கிப் பார்ப்பதோடு சரி. தமிழ்க் கடையில், இது இங்கிலீஷ் என்றார்கள். இங்கிலீஷ் கடையில், அட்டையில் இருக்கும் பெண்ணைப் பார்த்து, இது தமிழ் என்றார்கள். சீனக் கடையில் கியோங்கின் படத்தைப் பார்த்துவிட்டு, இவன் ஏன் நம் பாஷையில் பாடவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். நான் மறுநாளும் போவேன். ஜவுளிக்காரனுக்கு இது புதிதல்ல.

கல்யாணிக்குத்தான் தாங்கவில்லை. "விடுங்கப்பா. அந்தாளு அன்னிக்கே சொன்னாரு, வயலினை மாத்தியிருந்தா இந்நேரம் எல்லாக் கடையிலயும் இருந்திருக்கும். என்னாலதான் கியோங் பைக்கை வித்தான்."

"நாளைக்குப் பட்டர்வொர்த் போறேன். நீயும் வா" என்றேன். வரமாட்டேன் என்றாள். வந்தாள்.

பட்டர்வொர்த்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கேசட் கடை. சினிமாப் பாட்டு மட்டும்தான் விற்பார். முந்தின வாரமே அவர் மேஜைமேல் ஒன்றை வைத்து, "கேட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பி வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் இழுப்பறையைத் திறந்து எடுத்து நீட்டினார்.

"கேட்கவே இல்ல அண்ணே. எங்க நேரம்? இதெல்லாம் இங்க ஓடாது லா. எடுத்துக்குங்க."

நான் வாங்கிப் பைக்குள் போடப் போனேன். கல்யாணி கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கினாள். பெட்டியைத் திறந்து, கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வைத்தபோது நாடா முழுவதும் ஒரு பக்கச் சக்கரத்தில் இருந்தது. இப்போது இரண்டாம் பக்கம் மேலே தெரிய, ஓடிய நாடா பாதி இங்கே பாதி அங்கே நின்றது.

கடைக்காரர் எதிரே பஸ் ஏதும் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

கல்யாணி கேசட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, தன் படம் மேலே தெரியும்படி அவர் மேஜையில், கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"முடியறதுக்கு ரெண்டு பாட்டு முன்னாடி நிறுத்திட்டீங்கண்ணே. நான் நெறைய வாசிக்கிறது கடைசிப் பாட்டுலதான். கேட்டு வைங்க, நாளைக்கு நான் வர்றேன்."